வீட்ல என்ன கெடக்கு?

2003ஆம் வருசம் கார்த்திகை மாசத்தில் எங்கள் ஊர் வாய்க்கால் தண்ணீர் ஒருநாள் மஞ்சளாகிக் கிடந்தது. லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் எங்கள் மடைக்கு வருவதற்குள் பல நிறம் காட்டும். செம்மண் நிறம் காட்டும், சாக்கடை நிறம் காட்டும். மஞ்சளை நாங்கள் பார்த்ததில்லை. அதற்கு முந்தின நாள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச முகாம் நடந்திருந்தது. வந்தவன் போனவனுக்கெல்லாம் சத்து மாத்திரையை அள்ளிக் கொடுத்தார்கள். அந்த மஞ்சள் மாத்திரையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே ஒரு வாடை வரும். ஊர்ச்சனம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் வரும் பாலத்தில் நின்று, வாங்கினதை அப்படியே தண்ணீரில் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. சும்மா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனசு வராது. வாங்கியதைத் தின்ன வாயும் வராது. மடை அடைத்திருந்ததால் எல்லாம் அங்கேயே ஊறிக் கிடந்தது.

அந்த மடைக்குக் கீழே முதல் வயல் என்னுடையது. யாரைத் திட்டலாம் என்று நான் மண்வெட்டியோடு போனபோது, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஒரு ஆள் தண்ணீருக்குள் குனிந்து நின்றார். கையில் சாக்கு. மிதக்கிற அட்டைகளையும் காகிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அதில் போட்டுக்கொண்டிருந்தார். பாலத்தில் பத்துப் பேர் வேடிக்கை. கம்பவுண்டர் மோதிரத்தைத் தொலைத்துவிட்டார் என்று ஒருத்தன் சொன்னான். மோதிரம் போடுகிற மூஞ்சியா அது என்று இன்னொருத்தன் கேட்டான்.

அவர்தான் அம்மாவாசி. அரசாங்கத் தாளில் மருந்தாளுநர், எங்கள் வாயில் கம்பவுண்டர். ஆண்டிபட்டிப் பக்கம் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. மருந்துப் படிப்பு படித்து, ஐந்தாறு ஊர் சுற்றி, 1998இல் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தார். ஊர் பெயர் வேண்டாம். மார்க்கையன்கோட்டைக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால் பாதிப் பேர் என் வீட்டுக்குச் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் அவர்களுக்கு வழி காட்டிக்கொண்டு வருவார்கள்.

ஆள் ஒல்லி. ஆணியில் மாட்டிய சட்டை தானாக நடந்து வருவதுபோல் பேருந்திலிருந்து இறங்குவார். சிரித்துப் பார்த்தவர் கிடையாது. மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு கை நுழைகிற ஓட்டைதான் உண்டு. அதற்குப் பின்னால் உட்கார்ந்து கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை நறுக் நறுக்கென்று வெட்டுவார். எண்ணி வைத்ததை மறுபடி எண்ணுவார். ஒரு மாத்திரை கூடுதலாகக் கேட்டால், சொத்தில் பங்கு கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். எனக்கு அவரை முதல் நாளிலிருந்தே பிடிக்காது. பிடித்தவர்கள் யாரும் இருந்ததாகவும் எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் வைத்திய முறையையும் சொல்லியாக வேண்டும். ஊசி போடாவிட்டால் அது வைத்தியமே இல்லை. தும்மினாலும் ஊசி, தூக்கம் வராவிட்டாலும் ஊசி. எங்கள் வார்டு மெம்பர் காமராஜ் ஆஸ்பத்திரிக்குப் போனால் கைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று கேட்டு வாங்குவார், கடையில் இரண்டு டீ சொல்வதுபோல. போட்ட ஊசியெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு குழிக்குள் போகும். வாரம் ஒருதரம் அதற்குத் தீ வைப்பார்கள். அந்தப் புகை நாற்றத்தில் என் மாடுகூட மூக்கைத் திருப்பிக்கொள்ளும். மழை பெய்தால் குழி நிறைந்து, உள்ளே கிடப்பது மிதந்து வாய்க்காலுக்கு வரும். ஒரு வருசம் நடவு நேரத்தில் சேற்றுக்குள் ஒரு ஊசி என் குதிங்காலில் ஏறியது. நொண்டிக்கொண்டே போய் ஆஸ்பத்திரியில் கத்தினேன். அவர்கள் எனக்கு ஒரு ஊசி போட்டார்கள். ஊசி குத்தியதற்கும் ஊசிதான்.

மஞ்சள் வாய்க்காலுக்குப் பிறகு அம்மாவாசி மாறிப்போனார். அதே சமயம் சொர்ணலதா என்று ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். சின்ன வயசு. நாக்கை நீட்டச் சொல்லும், ஊசியை நீட்டாது. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். குழிக்குத் தீ வைப்பதை நிறுத்தி, சிமெண்டு மூடி போட்ட தொட்டி கட்டவைத்தார்கள். சளிக் காய்ச்சலுக்கு ஊசி கிடையாது என்றார்கள். காமராஜுக்குக் கைக்கும் இல்லை, இடுப்புக்கும் இல்லை. ஜன்னலில் ஒரு கேள்வி முளைத்தது. சீட்டை நீட்டினால் கம்பவுண்டர் மருந்தை எடுக்காமல் முகத்தைப் பார்த்துக் கேட்பார்:

"வீட்ல என்ன கெடக்கு?"

வீட்டில் மிச்சம் கிடக்கிற மாத்திரையையெல்லாம் கொண்டுவரச் சொல்வார். கொண்டுவந்தால் பார்ப்பார். இன்னும் தின்னக்கூடியது பத்து இருந்தால் அதையே முதலில் தின்னு என்று திருப்பிக் கொடுத்து, பாக்கியைத்தான் வெட்டுவார். தேவையில்லாதது, கெட்டுப்போனது, எதற்கென்றே தெரியாதது, எல்லாவற்றையும் பேப்பரில் மடித்து, தறியில் அறுந்து விழுகிற நூலால் கட்டி, மேலே பெயர், நோய், தேதி எழுதி எடுத்து வைத்துக்கொள்வார். அந்த நூலை ஆண்டிபட்டியிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். ஊர் அவருக்குப் பெயர் வைத்தது. பிள்ளைகள் வீதியில் அவரைப் பார்த்தால் தூரத்தில் நின்று, வீட்ல என்ன கெடக்கு என்று கூவிவிட்டு ஓடும். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அந்தக் கேள்வியில் ஒரு உசுரு தப்பியது. நான் ஒன்றும் கதை கட்டவில்லை. சங்கிலியம்மாள் என்று எங்கள் வீதியில் ஒரு ஆத்தா. சர்க்கரை வியாதி. மாசாமாசம் ரத்தம் பார்த்தால் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது, டாக்டரம்மாவும் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனார். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் தேனிக்கு அனுப்பலாமா என்கிற நிலைமை. அதுவரை ஒன்றுமில்லை என்றே சொல்லிவந்த ஆத்தாவிடம் அம்மாவாசி தன் கேள்வியை விடாமல் கேட்டார். ஆத்தா வீட்டுக்குப் போய் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தது. உள்ளே எட்டு மாசத்து மாத்திரை, ஒன்று குறையாமல்.

கம்பவுண்டர் கத்தவில்லை. ஏன் தின்னவில்லை என்று மட்டும் கேட்டார்.

"சர்க்கரையத் தொடவே கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாக. அப்பறம் நீங்களே சர்க்கரை மாத்திரையத் தந்தா, நான் எதைக் கேக்குறது? பெரியவுக சொன்னதைத்தான் கேட்டேன்."

வரிசையில் நின்ற நாங்கள் சிரித்த சிரிப்பில் ஓடு அதிர்ந்தது. அம்மாவாசி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அதை இனிப்புக் குறைக்கிற மாத்திரை என்று சொல்லித்தான் கொடுத்தார். மூன்று மாசத்தில் ஆத்தாவுக்குச் சர்க்கரை இறங்கியது. நாலு மாத்திரை மறுபடி இரண்டானது. கட்டிய பொட்டலத்தைப் பார்த்துத்தான் டாக்டரம்மா இனி எழுதுவாராம். எவன் எதைத் தின்பதில்லை என்று அதில் தெரிந்துவிடுமே.

இனி என் அழகைச் சொல்கிறேன். கோழி வளர்ப்பவனுக்கு மாசி மாசம் ஆகாத மாசம். வெள்ளைக் கழிச்சல் வரும். காலையில் தலையைத் தொங்கப் போட்ட கோழி சாயங்காலம் இருக்காது. சிவப்பும் கறுப்புமாக ஆஸ்பத்திரியில் ஒரு கேப்சூல் தருவார்கள், அதை உடைத்துப் பொடியைச் சோற்றில் பிசைந்து கோழி வாயில் திணித்தால் பிழைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. எனவே மாசியில் கோழிக்குக் கழிச்சல் வந்தால் எங்கள் ஊர் மனிதர்களுக்கு இருமல் வரும். ஊரே வரிசையில் நின்று இருமும்.

2007 மாசியில் நானும் போய் இருமினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. பதினைந்து கேப்சூல் கிடைத்தது. அடுத்த வாரம் மறுபடி போய் இன்னொரு பதினைந்து. பதினோரு கோழிக்குக் கொடுத்தேன். ஒன்பது செத்தது. பாக்கிக் கேப்சூலைக் கோழிக் கூண்டுக்கு மேலே வைத்துவிட்டு மறந்துபோனேன். என் சம்சாரம் முருகம்மாள் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது, கம்பவுண்டர் கேட்பாரே என்று வீட்டைத் தேடி, அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். கணக்காகப் பன்னிரண்டு. அட்டையில் கோழி எச்சம் வேறு ஒட்டியிருந்திருக்கிறது.

எனக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்காக மூன்றாவது தடவை இருமிக்கொண்டே போய் ஜன்னலில் நின்றேன். வீட்ல என்ன கெடக்கு என்றார். ஒன்றுமில்லை என்றேன். பின்னால் இருபது பேர். அவர் என் பெயர் எழுதிய ஒரு பொட்டலத்தை எடுத்து ஓட்டை வழியாக வெளியே நீட்டினார்.

"அப்ப இது யாரு வீட்டுது? சுருளியாண்டி, இருமல்னு போட்டுருக்கு. ஒங்களுக்கு இறகு எப்ப மொளச்சுச்சு?"

வரிசை சிரித்தது. நான் போகத் திரும்பினேன். அவர் குரலை இறக்கிச் சொன்னார்:

"கோவிச்சுக்கிறாதீக. கழிச்சலுக்கு இந்த மருந்து கேக்காது. மாட்டாஸ்பத்திரில சனிக்கெழமை கோழிக்குத் தடுப்பூசி போடுறாக, கொண்டுபோங்க. கண்டதுக்கும் இதைப் போட்டு, எச்சத்துலயும் தண்ணியிலயும் கலந்துபோனா, நாளைக்கு ஒங்களுக்கே நெஞ்சுல நெசமா சளி கட்டுறப்ப இது வேலை செய்யாது."

நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் இருபது பேர் சிரித்த பிறகு எவன் காதில் அது ஏறும்? நேராகக் காமராஜிடம் போனேன். ஊசி கிடைக்காத கடுப்பில் அவர் ஏற்கெனவே மனு எழுதி வைத்திருந்தார். பொதுமக்களிடம் அரசு மருந்துகளை மிரட்டித் திரும்ப வாங்கி, மேற்படி மருந்தாளுநர் வெளியில் விற்று வருகிறார் என்று மனு சொன்னது. விற்றதை யார் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. திரும்ப வாங்குகிறவன் வேறு எதற்கு வாங்குவான்? வாங்குவது விற்கத்தான் என்பதைத் தவிர எங்கள் புத்திக்கு வேறு எட்டவில்லை. முதல் கையெழுத்து காமராஜ், இரண்டாவது நான். மொத்தம் முப்பத்தெட்டு. திங்கட்கிழமை தேனிக்குப் போய்க் குறைதீர் நாளில் கொடுத்துவிட்டு, வரும் வழியில் பரோட்டா தின்றோம்.

நாலு மாசம் சத்தமில்லை. ஆடியில் ஒருநாள் முருகம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்த சத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. டாக்டரம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அம்மாவாசிக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. விசாரணை வைக்கப்போகிறார்கள். அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு முடிய இன்னும் எட்டு மாசம். அதற்குள் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டால், ஓய்வு பெறுகிற நாளில் அவரை ஓய்வு பெற விட மாட்டார்கள். வேலையும் இல்லாமல், ஓய்வும் இல்லாமல், திருடன் என்கிற பெயரோடு நிறுத்தி வைப்பார்கள். முப்பது வருசத்துக்கும் மேலாகச் செய்த வேலை அப்படி முடியும்.

"ஒங்க கோழிக்கு அந்த மனுசனைக் காவு குடுக்கப் பாக்குறீகளா?" என்றாள் முருகம்மாள். 

காமராஜிடம் போய் மனுவைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கி எனக்குப் பழக்கமில்லையே, அது கம்பவுண்டர் வேலை என்று நக்கல் பேசினார். பிறகு நான் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும் தலைவலி என்றேன். வீட்ல என்ன கெடக்கு என்றார், எப்போதும்போல. ஒன்றுமில்லை என்றேன். இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுத்தார். நிசமாகவே அப்போது எனக்குத் தலை வலித்தது.

ஆவணியில் விசாரணை. தேனியிலிருந்து ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். வேர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையைப் பிழிந்தார். மனுவில் கையெழுத்துப் போட்ட எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். திரும்ப வாங்கிய மருந்து எங்கே என்று அதிகாரி கேட்டதும், அம்மாவாசி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பின்னால் இருந்த அறையைத் திறந்தார். வெறும் அறையாகத்தான் இருக்கும் என்று காமராஜ் என் காதில் சொன்னார்.

அறைக்குள் நாலு நீல டிரம் இருந்தது. நாலிலும் விளிம்பு வரை பொட்டலம். ஒவ்வொன்றிலும் தறி நூல், பெயர், நோய், தேதி. கூடவே ஒரு கோப்பு. இவற்றை எடுத்துப்போய் முறைப்படி அழிக்க வண்டி அனுப்புங்கள், குழியில் போட்டால் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் போகும் என்று அவர் எழுதிய கடிதங்கள். பதினோரு கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை, வண்டியும் இல்லை.

அதிகாரி ஒரு நாற்காலி போடச் சொல்லி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். காமராஜ், இடுப்பு வலி, வலி மாத்திரை அறுபது. கூட்டம் காமராஜைப் பார்த்தது. அவர் கூரையைப் பார்த்தார். முப்பத்தெட்டுக் கையெழுத்தில் முப்பத்தொரு பேர் அந்த டிரம்முக்குள் கிடந்தோம். ஊரின் மானம் மொத்தமும் பேப்பரில் மடித்து நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தது.

ஆனால் அதிகாரி அவ்வளவு லேசில் விடுகிறவர் இல்லை. மருந்து குறைந்திருந்தால் திருட்டு என்று எழுதலாம், இங்கே கூடியல்லவா இருக்கிறது, பதிவேட்டில் இல்லாத மருந்து இவ்வளவு எப்படி வந்தது என்று கேட்டார். சனங்களுக்குக் கொடுத்ததாகக் கணக்கு எழுதிவிட்டு, கொடுக்காமல் இவரே பொட்டலம் கட்டிப் பதுக்கியிருக்கலாமே என்றார். அம்மாவாசியின் முகத்தில் முதல்முறையாகச் சதை ஆடியதைப் பார்த்தேன். டாக்டரம்மா ஏதோ சொல்லப்போக, அதிகாரி கையமர்த்திவிட்டு எங்களைப் பார்த்தார். இதில் ஏதாவது ஒரு பொட்டலம் என்னுடையது, நான் வாங்கியது, நான்தான் திருப்பிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆள் உண்டா என்று கேட்டார்.

ஒருத்தரும் அசையவில்லை. அசைந்தால், இல்லாத நோய்க்கு அரசாங்க மருந்து வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டதாகும். அதிகாரி பேனாவைத் திறந்தார். அம்மாவாசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கத்தில் முருகம்மாள் நிற்பது எனக்குத் தெரியும். அவள் பக்கம் திரும்பாமலே முன்னால் போனேன்.

"அய்யா, சுருளியாண்டி, இருமல்னு ஒரு பொட்டலம் இருக்கும். அது என்னுது. எனக்கு இருமல் இல்லங்கய்யா. கோழிக்குத்தான் வாங்குனேன்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "கோழி இருமுச்சா?"

"இல்லங்கய்யா. கோழிக்காக நான் இருமுனேன்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார், துடைக்கிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் சங்கிலியம்மாள் முன்னால் வந்து, தலையணை உறை என்னுடையது, மாத்திரையைக் கொடுத்தாச்சு, உறையை இன்னும் தரவில்லை என்று புகார் சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். இரும்புச் சத்து மாத்திரையை மல்லிகைச் செடிக்குப் போட்டவள் வந்தாள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இடித்துக் கேரம் பலகைக்குத் தூவியவன் வந்தான். கடைசியில் காமராஜும் வந்து, மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை என்று சொல்லிக்கொண்டே தன் பொட்டலத்தை ஒப்புக்கொண்டார்.

திருட்டு இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் டிரம்மில் இருப்பதற்கு ஒரு பெயர் வேண்டும், பெயர் இல்லாமல் அறிக்கையை முடிக்க முடியாது என்றார் அதிகாரி. மருந்து என்று எழுதினால் பதிவேட்டில் ஏன் இல்லை என்று மேலே கேட்பார்களாம்.

"இதுக்கு என்னதான்யா பேரு?"

"போறப்ப மருந்துங்கய்யா. திரும்பி வர்றப்ப குப்பை" என்றார் அம்மாவாசி.

அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டு, மருத்துவக் கழிவு, நான்கு டிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினோரு கடிதத்துக்கு வராத வண்டி, அறிக்கையில் அந்தச் சொல் ஏறிய ஒன்பதாம் நாள் வந்து நின்றது. டிரம்மை ஏற்ற ஆள் போதவில்லை. நானும் காமராஜும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினோம். இடுப்பு வலி என்று அவர் முனகினார். யாரும் சட்டை செய்யவில்லை.

2008 பங்குனியில் அம்மாவாசி ஓய்வு பெற்றார். மெமோ இல்லை, ஒன்றும் இல்லை. சால்வை போட்டார்கள். மதியம் நான் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். முருகம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். இலையில் உட்கார்ந்தவர் கோழித் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கேப்சூல் தின்ன கோழியா?"

"அது எல்லாம் அப்பவே போச்சு கம்பவுண்டரே. இது சனிக்கெழமை தடுப்பூசி போட்டது" என்றேன்.

அதற்குப் பிறகுதான் வாயில் வைத்தார்.  அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு சோறு எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழம்பு தீர்ந்ததும் இலையை விரலால் வழித்துவிட்டு நிமிர்ந்து முருகம்மாளைப் பார்த்தார்.

"வீட்ல என்ன கெடக்கு?"

அவள் சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள்.